மெஷினுக்குத் தெரியாத அம்மா பெயர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான் ஒருத்தன்தான். திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்கிறேன். போன லீவில், உள்ளங்கை அளவு கேம் மெஷின் ஒன்றை எங்கள் ஊரான நகரிக்கு எடுத்துப் போனேன். யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால், நாம் டைப் செய்வது கேபிள் வழியாகப் போய் மெஷின் திரையில் வரும்.

தறியை நிறுத்திவிட்டு வந்த அம்மாவிடம், "உன் பேரைப் பாரும்மா" என்று 'மல்லிகா'வைத் தமிழில் அனுப்பினேன். அந்த மெஷினில் தமிழ் எழுத்து இல்லை. வெறும் கட்டங்களாக வந்தது.

அம்மா திரையைத் தடவிப் பார்த்தாள். "என் பேரு இவ்ளோ அழகாவாடா கீது?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. "இது உன் பேரு இல்லம்மா. இதுக்குத் தமிழ் தெரியாது."

"அதுக்கும் தெரியாதா?" அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்போ நானும் அதுவும் ஒண்ணு."

மறுநாளிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் புள்ளி வைத்து வரைந்து மெஷினில் ஏற்றினேன். லீவு முழுக்க அதே வேலை. பெயர் சரியாக வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒக்காந்துகினு அதுக்குக் கத்துக்குடுத்துட்ட. எனக்கு எப்போடா?"

கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் நான் படித்த இத்தனை வருஷத்தில் அந்த யோசனை ஒரு தடவைகூட எனக்கு வந்ததில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.