சைக்கிளில் வந்த மாப்பிள்ளை வீட்டார்

தொண்ணூறுகளின் நடுவில் சில மாதங்கள் பாறசாலைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் வேலை பார்த்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கு முன் பம்பாயில் மூட்டை தூக்கியிருக்கிறேன், மங்களூரில் படகுகளுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன். எங்கேயும் சேர்ந்தாற்போல ஒரு வருஷம் இருந்ததில்லை. சூளையில் பச்சைக் கல் சுமந்து தோளில் தோல் உரிந்து, அது காய்த்துப் போன பிறகு வேலை பழகிவிட்டது. பழகியதும் எனக்கு ஊர் அலுக்கத் தொடங்கும்.

அப்போதெல்லாம் கேரளத்தில் பந்த் என்றால் எல்லாமே நின்றுவிடும். பஸ் ஓடாது, லாரி ஓடாது, ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்காது. லாரி வராவிட்டால் சூளையில் எங்களுக்கும் வேலை இல்லை. அன்றைய பந்தை முந்தின நாள் மாலையில்தான் அறிவித்தார்கள். கூட இருந்தவர்கள் சீட்டுக்கட்டைத் தேடினார்கள். நான் சைக்கிளுக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுவைத்தேன்.

விடியும்போது பூவார் சாலையில் இருந்தேன். சாலையின் முழு அகலமும் எனக்கே. நடந்து போகிறவனை ஊர் நிறுத்திக் கேள்வி கேட்கும். பஸ்ஸில் போகிறவனை ஊர் கவனிப்பதே இல்லை. சைக்கிள்காரனைப் பார்க்கும், ஆனால் கேள்வி வாய்க்கு வருவதற்குள் அவன் கடந்துவிடுவான். இந்த வேகம்தான் எனக்குப் பிடித்தது. முற்றம் தெளிக்கிற பெண், ரப்பர் ஷீட்டை வெயிலில் விரிக்கிறவர், பல் தேய்த்தபடி மதிலில் சாய்ந்து நிற்கிறவர் என்று எல்லோரும் ஒரு கணம் வந்து போனார்கள். யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பூவாரில் ஆறு கடலுக்குள் போகிற இடத்தில் மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் பிடித்துக்கொண்டார்.

"எங்க போறே?"

"சும்மா."

"சும்மாவா? பந்து அன்னைக்கு வீட்டுல கெடக்காம வெயிலு கொள்ள வந்தவன் நீ ஒருத்தன் ஆக்கும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. திருப்புறம் வழியாக ஏறி நெய்யாற்றின்கரையைத் தாண்டினேன். கடைத்தெருவில் நாய்கள் நடுச்சாலையில் படுத்திருந்தன. பையில் வைத்திருந்த அவித்த மரச்சீனிக் கிழங்கைச் சாலையோரக் கலுங்கு ஒன்றின் திண்டில் உட்கார்ந்து தின்று முடித்தேன். ஆரியங்கோடு பக்கம் போனதும் மேடுகள் தொடங்கின. ரப்பர் தோட்டத்து நிழல் இருந்தாலும் ஏற்றம் ஏற்றம்தான். உருட்டிக்கொண்டு போனேன். பதினோரு மணி இருக்கும், தொண்டை வறண்டுவிட்டது.

கேட் திறந்திருந்த ஒரு வீட்டின் முன் நின்றேன். முற்றம் அப்போதுதான் பெருக்கியதுபோல இருந்தது. நிழலில் வாடகை நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மணியடிப்பதற்குள் கஞ்சி போட்ட சட்டையில் ஒரு பெரியவர் ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க. மத்தவங்க எல்லாம் பின்னால வாறாவளா?"

"நான் தண்ணி குடிக்க வந்தேன்," என்றேன்.

முகம் வாடியதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் வரும்வரை என்னை நாற்காலியில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். அவருடைய மகளைப் பெண் பார்க்க மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருகிறார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே கடிதம் போட்டுக் குறித்த நாள். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பந்த் கிடையாது, அதனால் அவர்களுக்கு அது தெரிந்தே இருக்காது. எல்லையில் களியக்காவிளை வரை பஸ் வரும். அதற்கு இப்பால் ஒன்றும் இல்லை.

"மூணு பேரு வந்து பாத்துட்டுப் போனாவ. இது நாலாவது. வந்து பாத்துட்டு வேண்டாம்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல மக்கா. வராமலே போனா என்னத்தச் சொல்ல? வேலிப் பக்கம் பாரு, எத்தன தலைன்னு."

வேலிக்கு அப்பால் நான்கைந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒனக்கு சைக்கிள் உண்டு. களியக்காவிளை வரைக்கும் ஒண்ணு போய்ப் பாத்துட்டு வருவியா?"

எனக்குப் பிடிக்கவில்லை. யாருக்கும் எதற்கும் ஆகாதவனாக ஒரு நாள் சுற்றலாம் என்றுதான் கிளம்பியிருந்தேன். முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோது உள்ளிருந்து தண்ணீரோடு மகள் வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். பக்கத்து ஊரில் தையல் சொல்லிக்கொடுப்பவள் என்று பிறகு தெரிந்தது.

"அப்பா, வழியே போறவங்களப் போய் கெஞ்சாதீங்க. வரணும்னா வருவாவ. இல்லேன்னா நாற்காலியத் திருப்பிக் குடுத்திருவோம்."

அழுகையோ கோபமோ இல்லாமல் சொன்னாள். நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பதுவரை அவள் யோசித்து முடித்திருந்தாள் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

எல்லையைத் தாண்டியதும் வேறு நாட்டுக்குள் நுழைந்ததுபோல இருந்தது. பஸ்கள் ஹாரன் அடித்தன, வடை வெந்துகொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் அவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பந்த் நாளில் பட்டுக்கரை வேட்டியோடு மேற்கே பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் வேறு யார்? மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமாவும். மாப்பிள்ளை ஒரு லேத் பட்டறையில் வேலை செய்பவர். முப்பது தாண்டியிருக்கும். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு தேய்த்தும் போகாமல் இருந்தது.

பெண் வீட்டார் அனுப்பிய ஆள் நான் என்றேன். மாமா அதற்குள் திரும்பும் பஸ்ஸுக்குத் தயாராகிவிட்டிருந்தார். "பெண்ணு காணப் போற அன்னைக்கு ரோட்டையே அடச்சாச்சு. இதுக்கு மேல என்னலே சகுனம் வேணும்?"

"மாமா, பந்து எனக்குன்னு வச்சதில்ல. மொத்தக் கேரளத்துக்கும் வச்சதாக்கும்."

"அப்ப நடந்து போ."

மாப்பிள்ளை என் சைக்கிளின் கேரியரைப் பார்த்தார். "அண்ணா, டபுள்ஸ் தாங்குமா?"

"செங்கல்லையே தாங்கும்."

மாமாவுக்குச் சம்மதமில்லை. இருந்தாலும் மருமகன் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "பாத்துட்டு மட்டும் வா. நான் இங்கேயே இருக்கேன். என்கிட்ட கேக்காம ஒரு வார்த்த அங்க சொல்லப்பிடாது," என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

பாறசாலை முக்கில் சாலையின் குறுக்கே கல் அடுக்கி வைத்து, கொடியோடு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். களியக்காவிளைக்குத் தனியாகப் போனபோது என்னைக் கண்டுகொள்ளாதவர்கள் இப்போது எழுந்தார்கள்.

"ஒருத்தன் போனா சைக்கிள். ரெண்டு பேரு போனா அது பஸ் ஆக்கும். பஸ் இன்னைக்கு ஓடாது. எறங்கு."

"பெண்ணு காணப் போறாரு," என்றேன்.

ஒருவன் மாப்பிள்ளையைச் சுற்றி வந்து பார்த்தான். "சேட்டா, இன்னைக்கு ஒரு நாளு தப்பிச்சுக்கலாம். நாங்களே நிறுத்தினோம்னு சொல்லிக்கோ." எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார், ஆனால் இறங்கி, கல்லைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் போய் எனக்காக நின்றார்.

மேடுகளில் அவர் எடை என் தொடையில் தெரிந்தது. ஆனால் முழுதாகத் தெரிவதற்குள் இல்லாமல் போகும். ஏற்றம் தொடங்குகிற இடத்தில், நான் இறங்கச் சொல்ல வேண்டும் என்று நினைப்பதற்கு முன்பே குதித்துவிடுவார். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வருவார். பேச்சு அதிகம் இல்லை. பெண் எப்படி இருப்பாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"ரொம்ப நேரமாக் காத்திருக்காவளா?"

"காலையிலேர்ந்து."

"சே," என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகத் தள்ளினார்.

இரண்டு மணிக்கு மேல் அந்த முற்றத்தில் போய் இறங்கினோம். வேலிப் பெண்கள் கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. மாப்பிள்ளையின் முதுகெல்லாம் வேர்வை, வேட்டிக் கரையில் சங்கிலி எண்ணெய். நான் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். பெண் பார்க்க ஆண் தனியாக வரக்கூடாது. அவர் பக்கத்து ஆள் என்று சொல்ல அங்கே நான் ஒருவன்தான்.

டீ வந்தது, நேந்திரங்காய் சிப்ஸ் வந்தது. மகள் வந்து வாசல் நிலையருகே நின்றாள். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் யார் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"மாப்பிள்ள வீட்டுலேர்ந்து வந்திருக்கீங்க. பையனப் பத்தி நீங்க ரெண்டு வார்த்த சொல்லணும்."

'மக்கா' போய் மரியாதை வந்திருந்ததைக் கவனித்தேன். நல்ல பையன், நல்ல குடும்பம் என்று சொல்லியிருக்கலாம். நான் அவரை அறிந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. பொய் சொல்ல எனக்குப் பெரிய கூச்சம் ஒன்றும் கிடையாது. ஆனால் நிலையருகே நின்றவள் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியும்," என்றேன். "ஏத்தம் வந்தா நான் சொல்றதுக்கு முன்னாடியே எறங்கித் தள்ளுவாரு."

வேலிப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பெரியவருக்கு இது போதுமா போதாதா என்று புரியவில்லை. அப்போது அவள் கேட்டாள்.

"எறக்கத்துல?"

நான் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளையே சொல்லிவிட்டார். "எறக்கத்துல கண்ண மூடிக்கிட்டு இவர் சட்டையப் பிடிச்சுக்கிட்டேன். சட்டை கிழிஞ்சிருக்கா பாருங்க."

அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. அந்த வீட்டில் காலையிலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அதில் தளர்ந்தது.

அடுக்களையிலிருந்து சோறும் மீன்குழம்பும் மணத்தது. பெண்ணின் தாயார் வெளியே எட்டிப் பார்த்து, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனார். காரணம் எல்லோருக்கும் தெரியும். பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்கமாட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதுதான் வழக்கம். டீ குடிக்கலாம், சிப்ஸ் கொறிக்கலாம், சோற்றுக்கு உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். காலையில் தின்ற மரச்சீனி எப்போதோ கரைந்துபோயிருந்தது. நான் இன்னொரு பிடி சிப்ஸை அள்ளிக்கொண்டேன்.

மாப்பிள்ளை எழுந்தார்.

"கை கழுவ எங்க போகணும்?"

பெரியவர் திகைத்து நின்றார். இரண்டாவது தடவை கேட்கவேண்டி வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மகள் உள்ளே போய் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எங்களுக்கு முன்னால் கிணற்றடிக்கு நடந்தாள். மாப்பிள்ளை அவள் பின்னால் போனார். சற்றுத் தள்ளி நானும் போனேன்.

இலையில் சோறு விழுந்த பிறகு அவர் என் காதருகே குனிந்தார்.

"அண்ணா, மாமாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"அவரு உம்ம மாமா ஆக்கும், நீருதான் சொல்லணும்," என்றேன். "திரும்பற வழியிலயும் ஏத்தம் உண்டு. தள்ளிக்கிட்டே யோசிக்கலாம். மொதல்ல சாப்பிடும்."