தோசைக்கல்லில் ஓடிய இன்ஜின்

என் கணவர் ராஜினாமா கடிதத்தை எழுதி, ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் நீட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அப்போது நான் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. அவருடையதுதான் நிரந்தரம், பெரிய தொழிற்சாலை ஒன்றில் வெல்டர். தங்கவயலில் அவருடைய அப்பா இறங்கி வேலை பார்த்த சுரங்கத்தை மூடியபோது அந்தக் குடும்பம் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அந்த வீட்டுப் பிள்ளை, கையிலிருக்கும் வேலையை ஒரு இன்ஜினுக்காக விடப்போகிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

யாரோ கொடுத்த ஜெராக்ஸ் தாள் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பெட்ரோல் இல்லாமல், ஆர்கான், ஹீலியம் போன்ற மந்த வாயுக்களை உள்ளே அடைத்தே ஓடும் இன்ஜினை வெளிநாட்டில் ஒருவர் செய்துவிட்டதாக அதில் போட்டிருந்தது. பாட்டரியிலிருந்து சின்னப் பொறி ஒன்று கொடுத்தால் போதுமாம், வாயு விழித்துக்கொள்ளுமாம். மந்த வாயு எதனோடும் சேராது, எரியாது என்று பிள்ளைகளுக்கு வாய் வலிக்கச் சொல்லிக்கொடுப்பவள் நான். "உங்க வாயு எங்க பாடப் புஸ்தகத்தைப் படிக்கலையா?" என்று கிண்டல் செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே பிஸ்டனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

என் வாயை அடைத்தது, வீட்டிலேயே அவர் செய்த அந்தக் குட்டிச் சனியன் நிஜமாகவே ஓடியதுதான். ஈஜிபுராவில் எங்கள் தெருமுனை வெல்டிங் கடையிலிருந்து பிடித்துவந்த ஆர்கானை நிரப்புவார். நிரப்பிய செம்புக் குழாயின் முனையை நசுக்கி, நெருப்பு காட்டிப் பற்றவைத்து அடைப்பார். பாட்டரி ஒயரை மாட்டி, சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் டக்டக்கென்று ஓடும். மூன்று நான்கு நிமிடத்தில் நின்றுவிடும். "கேஸ் லீக் ஆயிடுச்சி" என்பார். குழாயை அறுத்து, மறுபடி நிரப்பி, மறுபடி பற்றவைத்தால் மறுபடி ஓடும். எட்டு மாதமாக இதே கதை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் ஒரு குமிழிகூட வராது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கிறது என்று தன் கையையே திட்டிக்கொள்வார். வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் உட்கார்ந்தால் லீக் இல்லாமல் அடைத்துவிடலாம் என்று நம்பினார்.

கடிதத்தைத் திருத்திக் கொடுத்தேன். கோபத்தில் ஒரு கமாவைக்கூட விட்டுவைக்கவில்லை.

மறுநாள் காலை தோசை சுட்டு அடுப்பை அணைத்தேன். சட்னிப் பாத்திரம் வைக்க மேடையில் இடமில்லை. முந்தின நாள் ஓடி நின்றுபோன இன்ஜின் அங்கேயே கிடந்தது. எரிச்சலோடு தூக்கிச் சூடான கல்லின்மேலேயே வைத்தேன். வைக்கும்போது சக்கரத்தில் கை பட்டது. சுற்ற ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. பாட்டரி ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

பொறியும் இல்லை, புது வாயுவும் இல்லை. இருந்தது சூடு மட்டும்தான். ஒவ்வொரு முறையும் குழாயைப் பற்றவைத்த நெருப்பின் சூட்டில்தான் இது ஓடியிருக்கிறது, ஆறியதும் நின்றிருக்கிறது. சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும் என்பது சின்ன வகுப்புப் பாடம். எட்டு மாதமாக டீச்சருக்கே அது தோன்றவில்லை என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்" என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அறையில் அவர் கடிதம் கசங்காமல் சட்டைப் பையில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. சொன்னால் மனுஷர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் பஸ் ஏறிவிடுவார்.

"இன்னாங்க, கொஞ்சம் இங்க வாங்க."

வந்து பார்த்தார். இன்ஜினை எடுத்து ஈரத்துணியின்மேல் வைத்தார், நின்றது. மறுபடி கல்லில் வைத்துச் சுண்டினார்; ஓடியது.

"அப்போ லீக்கே ஆவலையா?" என்றார்.

"இல்லீங்க. சூடு ஆறிப்போய் நின்னிருக்குது, அவ்ளோதான்."

"எட்டு மாசமா என் ஜாயின்ட் தாங்கிக்கினு இருந்துச்சா? சும்னே, ஒண்ணுமில்லாததுக்கு என்னையே திட்டிக்கினு கெடந்தேனே!"

முகமெல்லாம் சிரிப்பு. கனவு கண்ட இன்ஜின் போன துக்கத்தைத் தேடினேன், காணோம். தன் கைமேல் பழி இல்லை என்பதே அவருக்குப் போதுமாயிருந்தது. எட்டு மாதமாக அந்த மனுஷர் எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பையிலிருந்த கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "டீச்சரம்மா, இதை ஒரு நாள் லீவ் லெட்டரா மாத்திக் குடு. மாடில கண்ணாடி வச்சி, வெயில் சூட்டுல ஓடுதான்னு பாக்கணும்."

"காரணம் இன்னான்னு எழுதறது?"

"ஜுரம்னு எழுது."

எழுதினேன். அப்படியே என் பள்ளிக்கும் ஒன்று எழுதினேன்.