வண்டியில் ஏறாத சாரதி

சிவப்பு விளக்கில் பேருந்து நின்றதும் அதன் சாரதி உதயக்காவின் இடது குதிகால், உடற்பயிற்சியாக, எழும்பி இறங்கத் தொடங்கிவிடும். வலது கால் பிரேக்கில் இருப்பதால் அதற்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் பங்கைக் கடைசித் தரிப்பிடத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிடுவார். ஏறக் காத்திருக்கும் நோர்வேக்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்ப்பார்கள். நான் மேல்வீட்டுக்காரன் என்ற உரிமையில் நேராகவே பார்த்துச் சிரிப்பேன்.

முழுப் பெயர் உதயகுமாரி. ஐம்பதைத் தொட்டுவிட்டார். ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில், எங்கள் மாடிக்குடியிருப்பில் எனக்கு நேர் கீழே இருக்கிறார். யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தால், மூடிய பேருந்துக் கதவைத் திரும்பத் திறந்துவிடுகிற ஆள். அதனால் நேரம் பிந்தி, மேலிடத்தில் பேச்சு வாங்குவதும் உண்டு. "முகத்துக்கு நேரை கதவைச் சாத்த எனக்கு ஏலாது தம்பி. என்ரை கையே வராது" என்பார்.

இந்த அக்காவுக்குத்தான் ட்ரையத்லன் பைத்தியம் பிடித்திருக்கிறது. முதலில் ஏரியில் நீந்த வேண்டும். கரையேறிய ஈரத்தோடு சைக்கிள். சைக்கிளை விட்டு இறங்கினால் ஓட்டம். எல்லாம் ஒரே மூச்சில், ஒரே நாளில். அதிலும் அவர் பெயர் கொடுத்திருப்பது நெடுந்தூரப் போட்டிக்கு. ஏனக்கா இந்தக் கஷ்டம் என்று கேட்டேன். "சும்மாதான். நாள் முழுக்க இருந்தபடி ஊர்ச் சனத்தைக் கொண்டுபோய் விடுறன். ஒரு நாளைக்கு என்னை நானே கொண்டுபோவம் எண்டு பாத்தன்" என்று சொல்லிவிட்டு, மாடிப்படி முழுக்கக் கேட்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

கூட வேலை செய்யும் ஹன்னாதான் பயிற்சிக்குத் துணை. கறாரான பெண். போட்டிக்கு முன்னர் ஒரு முழுப் பயிற்சி நாளை யாருடைய உதவியும் இல்லாமல் முடித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். லூட்வான் ஏரியில் நீந்தி, திராமன் நகரம் வரை சைக்கிளில் போய்த் திரும்பி, காட்டுப் பாதையில் ஓடி வீட்டு வாசலுக்கு வந்து சேர வேண்டும். முடியாவிட்டால் பெயரைக் குறுந்தூரப் போட்டிக்கு மாற்றிவிட வேண்டும். குறுந்தூரம் என்ற சொல்லைக் கேட்டாலே உதயக்காவின் முகம் சுருங்கிவிடும். "அது சனத்தை ஏத்திக்கொண்டு போய்ப் பாதி வழியிலை இறக்கி விடுற மாதிரி" என்பார்.

உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஹன்னா கொடுத்த பசைபோன்ற சத்துணவைத் துப்பிவிட்டு, சட்டையின் முதுகுப் பையில் எள்ளுருண்டையும் சைக்கிள் போத்தலில் உப்பு மோரும் கொண்டு போகிறார். இப்போது ஹன்னாவும் எள்ளுருண்டைதான் கேட்கிறார். உதயக்காவுக்கு ஒத்துழைக்காதவர்கள் எங்கள் தமிழ்ச் சனம்தான்.

முதல் முயற்சி ஏரிக்கரையோடு முடிந்தது. கறுப்பு ரப்பர் நீச்சல் உடுப்போடு, குளிரில் தள்ளாடிக் கரையேறியவரைக் கண்டவர் பத்மநாதன் அண்ணை. ஓய்வுபெற்றவர், காலையில் அங்கே நடக்க வருபவர். அக்கா தண்ணீருக்குள் தவறி விழுந்துவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டார். "ஐயோ பிள்ளை, என்ன நடந்தது? முதல்லை காரிலை ஏறு!" விறைத்த வாயிலிருந்து பதில் வருவதற்குள் அக்கா வீட்டில் இறக்கப்பட்டிருந்தார். "பாவம் மனுசன், தன்ரை கோட்டையும் கழட்டித் தந்தவர். எப்பிடி வேண்டாம் எண்டுறது?"

இரண்டாம் முயற்சி திராமன் பாலத்தில் கவிழ்ந்தது. பாலத்துக்குப் பக்கத்தில்தான் ஒன்றுவிட்ட தங்கை ஜெனிதாவின் வீடு. "வாசல் மட்டும் வந்திட்டு ஒரு தேத்தண்ணி குடியாமல் போறியளோ அக்கா? ஆரும் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?" எங்களவர் ஒரு தேத்தண்ணி என்றால் அது தேத்தண்ணியோடு நிற்பதில்லை. புட்டு வந்தது, நண்டுக் குழம்பு வந்தது, பிறகு சோபாவில் நித்திரையும் வந்தது. மாலையில் சைக்கிளும் உதயக்காவும் மிச்சக் குழம்பும் ஜெனிதாவின் வான் வண்டியில் வீடு வந்து சேர்ந்தன. குழம்பில் பாதி எனக்குக் கிடைத்தபடியால் நான் ஜெனிதாவைக் குறை சொல்லமாட்டேன்.

வேண்டாம் என்று சொன்னால் முடிந்ததுதானே என்று ஹன்னா கேட்டாராம். அதை எனக்குச் சொன்னபோது உதயக்கா சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு விளங்காது தம்பி. அன்பாக் கூப்பிடுற சனத்தின்ரை முகத்தை முறிக்கேலுமே?"

ஹன்னா கொடுத்த தவணையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிஞ்சியிருந்தது. அக்கா எங்கள் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார். ஞாயிற்றுக்கிழமை தன்னை எங்கே கண்டாலும் ஒருவரும் வண்டியில் ஏற்றக்கூடாது, தேத்தண்ணிக்கு மறிக்கவும் கூடாது. இதைவிட வீடுவீடாகப் போய் அழைப்பிதழ் வைத்திருக்கலாம். ஏரிக்கரையில் பத்து வீட்டுச் சனம் கூடிக் கைதட்டியது. திராமன் பாலத்தில் ஜெனிதா, மறித்துவிடுவோமோ என்ற பயத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். கண் மட்டும் கலங்கியிருந்ததாம்.

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. எல்லிங்ஸ்ருட் ஏற்றத்தின் ஓரமெல்லாம் எங்கள் சனத்தின் கார்கள், மஞ்சள் விளக்குகளை மினுக்கிக்கொண்டு. யாரோ சட்டியும் அகப்பையும் கொண்டுவந்து தட்டினார்கள். நானும் ஒரு குடையோடு இறங்கிப் போய்க் கத்தினேன். எதற்குக் கத்துகிறேன் என்றே தெரியாமல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மேலே வாசலில் ஹன்னா நனைந்தபடி நின்றார். ஏற்றத்தின் அடியில் உதயக்கா தெரிந்தார். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. இரண்டு கால்களும் இரண்டு பேருடையவை போல் வந்துகொண்டிருந்தன.

பத்மநாதன் அண்ணை தன் காரை அவருக்குப் பக்கத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி வந்தார். பாதி ஏற்றம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரால் முடியவில்லை. காரை முன்னால் எடுத்து நிறுத்தி, எட்டி, நடைபாதைப் பக்கத்துக் கதவை அகலத் திறந்துவிட்டார். "காணும் பிள்ளை! மிச்சம் கொஞ்சம்தானே, ஏறு!" இருக்கையில் உலர்ந்த துவாய் ஒன்று விரித்திருந்தது.

உதயக்கா திறந்த கதவடியில் நின்றார். சட்டிச் சத்தம் நின்றுவிட்டது. ஏறிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன், ஏனென்றால் அந்த மனிதரின் முகத்தில் அவ்வளவு கெஞ்சல் இருந்தது. உதயக்கா துவாயைப் பார்த்தார். பத்மநாதன் அண்ணையைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். பிறகு, அவருடைய விரல் ஏதும் நசுங்கிவிடாதபடி பார்த்து, நனைந்த கையால் கதவைச் சாத்திவிட்டு ஓடினார்.