கதிரேசன் போனில் நான் தூங்க வைத்த ஆப்

1. யூசர் குஷ், டிக்கெட் க்ளோஸ்

மகர்பட்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஹெல்ப்டெஸ்க்கில் நான் சேர்ந்த முதல் நாள் வந்த முதல் புகார், "ஸ்லோவா இருக்கு" என்பதுதான். இருபது வருடம் கழித்து ஓய்வு பெற்ற அன்று வந்த கடைசிப் புகாரும் அதேதான். நடுவில் கம்ப்யூட்டர் லேப்டாப் ஆகி, லேப்டாப் போன் ஆகிவிட்டது. புகார் மட்டும் மாறவில்லை.

என் முதல் மேலாளர் தேஷ்முக் சார் நாக்பூர்க்காரர். எனக்கு அப்போது இந்தி தடுமாற்றம். கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவர் எனக்காகவே சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவார்.

"சாந்தாமணி மேடம், தோ ரூல். யூசர் குஷ், டிக்கெட் க்ளோஸ். தூஸ்ரா, ஜோ கியா வோ லிக்கோ. கல் கோயி பூச்சேகா."

புகார் கொடுத்தவர் சந்தோஷப்பட்டால் வேலை முடிந்தது. ஆனால் எதைத் தொட்டாய் என்பதை டிக்கெட் என்கிற அந்தப் புகார்ச் சீட்டின் அடியில் எழுதி வை, நாளைக்கு யாராவது கேட்பார்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது. முதல் விதி என் ரத்தத்தில் ஊறிவிட்டது. இரண்டாவதை அலுவலகத்தில் மட்டும் கடைப்பிடித்தேன். வீட்டருகே தெரிந்தவர்களுக்குச் செய்யும் வேலைக்கு யார் டிக்கெட் போடுகிறார்கள்?

2. மெதுவான போனுக்கு நான் செய்வது

ஓய்வுக்குப் பிறகு வானவடியில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கே நான்தான் ஹெல்ப்டெஸ்க். கடைக்குப் போகாமல் போனை வேகமாக்கித் தரச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மூன்று பேராவது வருவார்கள். என் முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். இதில் பெரும்பாலானவற்றை நீங்களே செய்துகொள்ளலாம்.

முதலில் போனை அணைத்துப் போடுவேன். பாதிப் போன்கள் இதிலேயே திருந்திவிடும். மனிதருக்கே வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டியிருக்கிறது, இவர்கள் மாதக்கணக்கில் அதை அணைப்பதே இல்லை.

அடுத்து ஸ்டோரேஜ். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருந்தால்தான் போன் மூச்சு விடும். குட்மார்னிங் படங்களும், நான்கு குரூப்பிலிருந்து நான்கு முறை வந்து விழுந்த ஒரே கல்யாண வீடியோவும்தான் அங்கே குடியிருக்கும். அதை அழித்துவிட்டு, ஆப்கள் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேஷ் என்ற குப்பையைத் துடைப்பேன். பக்கத்திலேயே டேட்டா என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் ஆப்பில் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடும், ஜாக்கிரதை. அசையும் வால்பேப்பரை எடுத்துவிட்டு, அப்டேட் பாக்கி இருந்தால் போட்டுவிடுவேன். போனை வேகமாக்கும் ஆப் என்று விளம்பரத்தில் வருவதை மட்டும் இறக்கவே இறக்காதீர்கள். அதெல்லாம் வேலியே பயிரை மேய்கிற ரகம்.

கடைசியில் பேட்டரி செட்டிங்ஸ். அங்கே டீப் ஸ்லீப் என்று ஒரு பட்டியல் உண்டு. எந்த ஆப்பை அதில் சேர்க்கிறோமோ, நாமாகத் திறக்கும்வரை அது பின்னணியில் எந்த வேலையும் செய்யாது. செய்தி அனுப்பாது, மணி அடிக்காது. போன் சட்டென்று வேகமாகும். இந்தக் கடைசி வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது, ஏனென்றால் கடைக்காரர்கள்கூட இதைச் செய்வதில்லை.

3. அந்த ஞாயிற்றுக்கிழமை

கதிரேசன் எங்கள் கட்டிடத்தில் நான்காவது மாடி. திருநெல்வேலிக்காரர், வங்கி அதிகாரி. மனைவி செல்வி பள்ளி ஆசிரியை. ஒரே பெண் நந்தினிக்குப் பத்தொன்பது வயது, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிற பெண். மேல்கையில் கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அது ரத்தச் சர்க்கரையை அளந்து அவள் போனுக்கு அனுப்பும். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

"அக்கா, ஒரு கால் வந்தா எடுக்கதுக்குள்ள கட்டாயிருது. புதுசுதான் வாங்கணுமோ?" என்று போனை நீட்டினார் கதிரேசன்.

"எதுக்குங்க தம்பி புதுசு? குடுங்க இப்படி. அரை மணி நேரம் உக்காருங்க."

கூட வந்திருந்த நந்தினி வாசலில் நின்று சிரித்தாள். அவள் தமிழ் எப்போதும் பாதி வழியில் இந்திக்குத் தாவிவிடும். "ஆன்ட்டி, அப்பா போன் ஸ்லோவாவே ரஹ்னே தோ. எனக்கு கால் கம்மியா வரும்."

மெதுவாகவே இருக்கட்டுமாம். நானும் சிரித்தேன். அந்த வாக்கியம் இப்போதும் காதில் விழுகிறது.

எல்லாம் செய்து முடித்து, டீப் ஸ்லீப்புக்கு வந்தேன். ஒரு மாதமாகத் திறக்காத ஆப்களை வரிசைப்படுத்தினேன். பதினேழு வந்தன. பயண டிக்கெட் ஆப், பழைய விளையாட்டு, ஏதோ ஒரு கூப்பன் ஆப், நீல வட்டம் போட்ட ஒன்று, இப்படி. ஒவ்வொன்றாகக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

"இதெல்லாம் நீங்க தொறக்கறதே இல்லைங்க தம்பி."

"தொறக்காதத என்னத்துக்கு வச்சிக்கிட்டு, செய்யுங்க" என்றார்.

பதினேழையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் தூங்க வைத்தேன். போன் பறந்தது. அவர் இரண்டு முறை கேமராவைத் திறந்து மூடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். யூசர் குஷ். என் மனதுக்குள் டிக்கெட்டை மூடிவிட்டு டீ போடப் போனேன். எதை எல்லாம் தொட்டேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

4. புதன்கிழமை மதியம்

அந்த நீல வட்டம்தான் நந்தினியின் சென்சார் அளவைக் கதிரேசனின் போனுக்குக் கொண்டுவரும் ஆப்.

அதை அவர் ஏன் திறப்பதில்லை என்பதைச் செல்வி பிறகு சொன்னார். முதலில் மணிக்கு ஒரு தடவை திறந்து பார்த்து மகளுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தாராம். கல்லூரியில் எல்லோர் முன்னாலும் மானம் போகிறது, பகிர்வதையே ஆஃப் பண்ணிவிடுவேன் என்று அவள் ஒருநாள் சண்டை போட்டாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அப்பா ஆப்பைத் திறக்கவே மாட்டார். சர்க்கரை இறங்கி அலாரம் அடித்தால் மட்டும் கூப்பிடுவார். அவள் எடுக்காவிட்டால் கேட் வாட்ச்மேனுக்குச் சொல்வார், அவரிடம் வீட்டுச் சாவி ஒன்று இருக்கும். இரண்டு முறை அப்படித்தான் அவள் பிழைத்திருக்கிறாள். சர்க்கரை இறங்கும்போது தூக்கத்தில் இருந்தால் அவள் போன் அடிப்பது அவளுக்கே கேட்காது.

புதன்கிழமை பரீட்சை முடிந்து பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். சாப்பாட்டுக்கான இன்சுலினைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் அசதியில் படுத்துவிட்டாள். மூன்றே முக்காலுக்குச் செல்வி வந்து பார்த்தபோது, படுக்கைக்கும் சமையலறைக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். வலிப்பு வந்து போயிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

கதிரேசன் வங்கியில் தன் மேசையில் இருந்தார். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. "மூணு நாளா சத்தமே இல்லக்கா. பரவால்லையே, பிள்ளைக்கு சுகர் நல்லா நிக்குதுன்னு சந்தோசப்பட்டேன்" என்றார் என்னிடம்.

5. ஒரு விரல் அசைவு

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் ஐசியூவில் நினைவில்லாமல் கிடந்தாள். கதிரேசன் சட்டையைக்கூட மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் போனை எடுத்து, அந்த நீல வட்டத்தைக் காட்டி நீட்டினார்.

"இது ஏன் அடிக்கலன்னு பாருங்கக்கா. ஒங்களுக்குத்தான் தெரியும்."

அதற்குள் டாக்டர் கூப்பிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டிபிகேஷனைப் பார்த்தேன், சரியாக இருந்தது. சத்தத்தைப் பார்த்தேன், முழுதாக இருந்தது. பிறகுதான் பேட்டரி செட்டிங்ஸ் ஞாபகம் வந்தது. டீப் ஸ்லீப் பட்டியலில் மேலிருந்து நான்காவதாக அந்த நீல வட்டம் இருந்தது.

விரல் நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது: நான் அந்த ஆப்பைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். ஒரு நொடி வேலை. அவர் திரும்பி வந்தபோது, "செட்டிங் எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க. சர்வர்ல ஏதாச்சும் பிரச்சனையா இருக்கும்" என்றேன். இருபது வருடமாகக் காரணம் தெரியாத டிக்கெட்டுகளில் எழுதிப் பழகிய வாக்கியம். தயாராக நாக்கில் இருந்தது.

அவர் தலையை ஆட்டினார். "சர்வர் இல்லக்கா. அவதான் ஆஃப் பண்ணிருக்கா. பண்ணுவேன் பண்ணுவேன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

6. பெரிய எழுத்தில் ஒரு நோட்டு

பதினாறு நாள் கழித்து நந்தினி வீட்டுக்கு வந்தாள். மூளைக்குச் சர்க்கரை போகாத நேரம் அதிகமாகிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். வலது கை நடுங்கியது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நீண்ட இடைவெளி. அந்த வாரம் நடந்தது எதுவும் அவள் ஞாபகத்தில் இல்லை. புதிதாகச் சொல்வதும் நிற்பதில்லை என்று ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அவள் போனைத் திறந்து பார்த்தால், பகிர்வதை அவள் நிறுத்தவில்லை என்ற உண்மை தெரிந்திருக்கும். சார்ஜ் தீர்ந்து அணைந்துபோன போன், மறுபடி போட்டதும் கைரேகையை ஏற்காமல் கடவு எண்ணைக் கேட்டது. அந்த எண் அவளுக்கு மறந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவளைப் பார்க்கப் போனேன். கதிரேசன் அவள் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குரல் உயரவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார்.

"நான் திட்டலட்டி. காரணம் மட்டும் சொல்லு. அப்பா மேல கோவமா? ஏன் ஆஃப் பண்ணுன?"

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். ஞாபகத்தில் இல்லாததைத் தேடினாள்.

"பண்ணி... யிருப்பேன்... பா. ஸாரி."

செய்யாத குற்றத்துக்கு அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. "அவ பண்ணலைங்க. நான் பண்ணினேன்" என்றேன். பதினேழு ஆப், டீப் ஸ்லீப், ஐசியூ வாசலில் நீக்கியது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன்.

கதிரேசன் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செல்விதான் கேட்டார்.

"அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும், இவ்வளவு நாளும் எம்பிள்ளையச் சொல்ல விட்டீங்களே."

ஆப்பைத் தூங்க வைத்தது தவறு. தவறு யாருக்கும் நேரும். அதற்குப் பிறகு நான் செய்தது தவறு இல்லை, துரோகம்.

நந்தினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ... நான்... இல்லையா?"

"நீ இல்லடா கண்ணு."

இன்னும் ஒருமுறை கேட்டாள். பிறகு மூன்றாம் முறை. மூன்று முறையும் சொன்னேன். அம்மாவிடம் நோட்டைக் கேட்டு வாங்கினாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது. தான் அதை ஆஃப் பண்ணவில்லை என்று நடுங்குகிற கையால் ஆங்கிலத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். ஒரு வரி எழுத ஐந்து நிமிடம் ஆயிற்று. அவள் முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

7. இப்போது

இப்போதும் சிலர் போனைக் கொண்டுவருகிறார்கள். மறுப்பதில்லை. எந்த ஆப்பையும் நிறுத்துவதற்கு முன்னால் அதை எப்போது கடைசியாகத் திறந்தார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். இது யாருக்காக முழித்திருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கிறேன். தெரியாது என்றால் தொடுவதில்லை. போன் மெதுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தொட்டதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். தேஷ்முக் சாரின் இரண்டாவது விதி எனக்கு இவ்வளவு தாமதமாகத்தான் ஏறியது. இளைய ஹெல்ப்டெஸ்க்காரர்களுக்கு நான் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். பிழை உங்களுடையது என்று தெரிந்த அந்த நொடியில் விரலை எடுத்துவிடுங்கள். சரிசெய்வதற்கு முன்னால் சொல்லுங்கள்.

கதிரேசன் என்னிடம் பேசுவதில்லை. நான் லிஃப்டில் இருந்தால் படியில் ஏறிப் போகிறார். அது அவர் உரிமை.

நந்தினி பேசுவாள். போன வாரம் லிஃப்டில் என் மாடி வந்து நான் வெளியே கால் வைத்தபோது, உள்ளே செல்வியின் கையைப் பிடித்து நின்றிருந்தவள் வாயைத் திறந்தாள். "ஆன்ட்டி..." என்றாள். அடுத்த சொல் வரவில்லை. செல்வி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். லிஃப்ட் கதவு மூட வந்தது, கையைக் குறுக்கே வைத்தேன். மறுபடி மூட வந்தது, மறுபடி வைத்தேன். கீழே யாரோ பட்டனை அழுத்தி அழுத்திக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சாப்... பிட்டீங்களா?" என்றாள்.

"சாப்பிட்டேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தேன்.