அக்கா அழித்த கண்கள்

கொலு சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் படுக்க இடமிருக்காது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த அம்மா, சூளையில் வெந்த வெள்ளைப் பொம்மைகளைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து இறக்குவாள். வீட்டிலேயே பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். புடவை, நகையெல்லாம் அம்மா. கடைசியில் கண் திறப்பது மட்டும் அக்கா. பத்தாவது படித்துக்கொண்டிருந்தவளுக்குச் சீசன் முடியும்வரை பள்ளிக்கூடம் பாதி நாள் மட்டம். ஏழாவது படித்த எனக்குக் கிடைத்தது பொம்மை நிற்கும் பீடம். அதற்குப் பச்சை அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சீரியல் பார்க்க வரும் பக்கத்து வீட்டு அத்தை, "பெரியவளுக்கு என்னா கை பாரு" என்று அவள் விரலைப் பிடித்துப் பார்ப்பாள். பச்சை பூசிய என் கை யார் கண்ணிலும் படாது. எனக்கு வயிறு எரியும். சாப்பாட்டில் அவளுக்குப் பெரிய துண்டு விழுந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் பிரஷ்ஷை எடுத்து ஒரு கிருஷ்ணனுக்கு நான் கண் திறந்தேன். அம்மா வந்து அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"சிரிக்கிறாப்புல இருக்குது. பெரியவ கை பெரியவ கைதான்."

"நான் போட்டதும்மா" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நாளையிலேருந்து நீயும் ஒக்காரு. ஸ்கூலு எங்க ஓடிடப்போவுது." நான் ஜெயித்துவிட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அக்கா பொம்மையை வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து இரண்டு கண்களையும் துடைத்துவிட்டாள்.

"கோணலா இருக்குதும்மா, கம்பெனியில திருப்பிடுவாங்க. இவளுக்கு இதெல்லாம் வராது, ஸ்கூலுக்கே போவட்டும்."

அன்று அவளை வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. கோணலே இல்லை, எனக்குத் தெரியும். பொம்மையில் விடாவிட்டால் போகிறாள், படிப்பில் அவளைத் தரைமட்டமாக்குகிறேன் என்று வெறியோடு படித்தேன். அவள் வாங்கிய ஒவ்வொரு மார்க்கையும் தாண்டினேன். இன்றைக்கும் எனக்கு முன்னால் ஒருவர் போனால் ஆகாது, ஆபீசில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அந்த வருஷம் அக்கா பரீட்சை எழுதவில்லை, அம்மாவோடு கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். சாயங்காலம் வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவாள். பெயின்ட் ஒட்டிவிடும் என்று பிடுங்கிக்கொள்வேன். என்னிடம் தோற்றுப்போனதால்தான் அப்படி ஏக்கமாகப் பார்க்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.