மீன்கார அக்கா போட்ட பூட்டு

தாம்பரத்தில் எனக்கு வேலை கிடைத்ததற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணமில்லை. அரசாங்கம்தான் காரணம். போதைப் பழக்கத்திலிருந்து ஆட்களை மீட்கும் நிலையம் நடத்த அனுமதி வேண்டுமென்றால், இரவும் பகலும் ஒரு நர்ஸ் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று விதி. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பகல் ஷிப்ட் எனக்கு. அஸ்தினாபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் வருவேன்.

விதிகள் என்னோடு நிற்கவில்லை. டாக்டர் தினமும் வந்து பார்க்க வேண்டும். ஆலோசகர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும். வாரம் ஒருமுறை குடும்பத்தாரை உட்கார வைத்துக் கூட்டம் நடத்த வேண்டும். வீடு திரும்பின பிறகும் விடாமல் போய் விசாரிக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு முழுச் சம்மதம். ஒன்றுதான் உறுத்தியது. யாரையும் பூட்டி வைக்கக் கூடாதாம். வருகிறவன் தன் இஷ்டத்தில் வர வேண்டும், இஷ்டமில்லை என்றால் போய்விடலாம், கேட் திறந்தே இருக்க வேண்டும்.

பிரவுன் சுகர் பழகினவனுக்கு அதை நிறுத்தின முதல் சில நாள் என்ன பாடு என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூக்கு ஒழுகும், கொட்டாவி ஓயாது, எலும்புக்குள் குடைச்சல், வயிறு போகும், பொட்டுத் தூக்கம் வராது. மாத்திரை கொடுத்தால் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். அந்த நிலைமையில் இருக்கிறவனிடம் கேட் திறந்துதான் இருக்கிறது என்று சொல்வது என்ன நியாயம்? வெளியே கால் வைத்தால் ஜி.எஸ்.டி. ரோடு, எதிரே பஸ் ஸ்டாப், கூப்பிடு தூரத்தில் ரயில்வே ஸ்டேஷன். இதைச் சொல்லி நிர்வாகியோடு சண்டையே போட்டிருக்கிறேன். தபால் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இந்த நிலையத்தைத் தொடங்கியவர் அவர். பூட்டினால் இது ஜெயில், அப்புறம் உங்களுக்கு வெள்ளை யூனிபார்ம் எதற்கு, காக்கி போதுமே என்று என்னைக் கிண்டல் செய்வார். வாயை மூடிக்கொண்டு ஊசி போடப் போய்விடுவேன்.

குடும்பத்துக்காரர்கள் எல்லோரும் என் கட்சிதான். பையனைக் கொண்டுவந்து விட்டதும் அவர்கள் முதலில் கேட்பது மருந்தைப் பற்றி இல்லை, பூட்டைப் பற்றித்தான்.

அப்படித்தான் ஒரு மீன்கார அக்கா வந்தாள். கோவளத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். விடியும் முன்பே மீன் எடுத்துக்கொண்டு வேனில் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வருகிறவள். அப்பா அம்மா இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கினாள். அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய், பவுடர் பழகிக்கொண்டு ஊர் திரும்பினான். எங்களிடம் கொண்டுவந்து சேர்த்த நாளிலிருந்து, மீன் விற்று முடித்ததும் கேட்டுக்கு வெளியே காலி கூடையோடு உட்கார்ந்துவிடுவாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் வர மாட்டாள். அவன் வெளியே வந்தால் மடக்க வேண்டுமே.

தம்பி ரொம்பக் கஷ்டப்பட்டான். மே மாத வெயிலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பான். ஒரு சாயங்காலம் கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவிடம், என்னால் முடியவில்லை, நாளைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நான் வந்து சேர்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். கேட்டைப் பார்த்தால் சங்கிலி சுற்றிப் பெரிய திண்டுக்கல் பூட்டு ஒன்று தொங்குகிறது. வெளியே டீ டம்ளரோடு எங்கள் வாட்ச்மேன் முழித்துக்கொண்டு நிற்கிறார். அவர் டீ குடிக்கப் போன சமயம், தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மீன்கார அக்கா கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். நர்ஸ், சமையல்காரம்மா, நிர்வாகி, நோயாளிகள், அத்தனை பேரையும் சேர்த்து உள்ளே வைத்து.

அன்றைக்கென்று பார்த்துச் சோதனைக்கு அதிகாரி வந்து நின்றார். விதிகளை நாங்கள் கடைப்பிடிக்கிறோமா என்று பார்த்து, அனுமதியை நீட்டிக்கலாமா வேண்டாமா என்று சொல்கிறவர். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூட்டைப் பார்த்தார், கம்பி வழியாக எங்களைப் பார்த்தார். நிர்வாகிக்கு முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே இருந்த ஒருவன், ஒரு கொண்டை ஊசி கொடுத்தால் இந்தப் பூட்டை நொடியில் திறந்துவிடுவேன் என்று பெருந்தன்மையாக முன்வந்தான். அதிகாரி முன்னால் அந்தத் திறமை வேறு வெளிப்பட வேண்டுமா என்று அவனை முறைத்தேன். வாட்ச்மேனைச் சைக்கிளில் மார்க்கெட்டுக்கு விரட்டினோம்.

அவள் வந்தாள். விற்காத மீனோடு கூடை சைக்கிள் கேரியரில், பின்னாலேயே வேர்த்து விறுவிறுத்து ஓட்டமும் நடையுமாக.

"பூட்டு என்னுது சார்," என்றாள் அதிகாரியிடம். "இவங்க மேல தப்பு இல்ல. தம்பி இன்னிக்கு பூடுவேன்னு சொல்லிக்கினான், அதான் போட்டேன்."

யாரையும் அவர்கள் விருப்பமில்லாமல் அடைத்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்று அவர் நிதானமாகவே எடுத்துச் சொன்னார்.

"சட்டம் இருக்கட்டும் சார். இவன் ஓடிப்பூட்டான்னா சட்டமா தேடினு போவும்? நான்தானே போவணும்."

நான் கேட்க நினைத்து, கேட்கத் தெரியாமல் சண்டை போட்ட கேள்வி அது. அதிகாரி கையை நீட்டிப் பூட்டைக் காட்டினார். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள்.

வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தம்பி கம்பளியோடு இறங்கி வந்தான். எங்களைத் தாண்டி, அக்காவைத் தாண்டி, ரோட்டுக்குப் போனான். ஓடிப் போய்க் கையைப் பிடிக்கலாம் என்று நான் அடி எடுத்து வைத்தேன். அதிகாரி வேண்டாம் என்று தலையசைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பஸ் ஸ்டாப்பில் வந்து நின்ற பஸ்ஸில் கண்டக்டர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று கூவிக்கொண்டிருந்தார். அவன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றான். அக்கா கூப்பிடவில்லை, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். விசில் கொடுத்து பஸ் கிளம்பிப் போய்விட்டது.

அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, கேரியரிலிருந்த கூடையை இறக்கி நிழலில் வைத்தான்.

"வெயில் ஏறுது. மீன் கெட்டுப்பூடும். நீ மார்க்கெட்டுக்குப் போக்கா."

"நீ?"

"நான் எங்க போறேன். நீ போ."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குடும்பக் கூட்டமெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஆரம்பித்தார். இப்போதுதான் ஒன்று முடிந்தது என்றார் நிர்வாகி. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அடுக்களை, மருந்து அலமாரி எல்லாம் பார்த்துவிட்டு, வாட்ச்மேன் இனிமேல் டீயை உள்ளே வரவழைத்துக் குடிக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அனுமதி நீடித்தது. தம்பியும் கடைசிவரை இருந்து முடித்துத்தான் போனான். பிறகு ஒருமுறை சறுக்கினான், யாரும் இழுத்து வராமல் தானாகவே திரும்பி வந்தான்.

குடும்பக் கூட்டம் வெள்ளிக்கிழமை காலைகளில். அன்றைக்கு மீன் வியாபாரம் மந்தம், அவளுக்கும் தோது. பூட்டுச் சம்பவத்துக்கு அடுத்து வந்த கூட்டத்துக்கு அவளைக் காணவில்லை. தம்பியின் கண் வாசலிலேயே இருந்தது. அவன் பேச வேண்டிய முறை வந்தபோது, வீட்டில் நான் இருந்த வரை அக்கா கதவுக்குக் குறுக்கேதான் பாய் விரிப்பாள், எத்தனையோ ராத்திரி அவளைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை என்றான்.

கூட்டம் முடிகிற சமயத்தில் அவள் வந்தாள். தலைகூட வாரவில்லை. சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாதா, இவன் எவ்வளவு நேரமாக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நான் சிடுசிடுத்தேன்.

அவள் வெட்கப்பட்டுக்கொண்டே, "தூங்கிட்டேன் சிஸ்டர்," என்றாள். "மூஞ்சில வெயில் பட்டப்புறம்தான் முழிப்பே வந்துச்சு."