தில்லையண்ணையின் படகும் நான் பெருப்பித்த ஓட்டையும்

போன கிழமை இதயத்தை ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்கச் சொன்னார் வைத்தியர். மேல்சட்டையைக் கழற்றிவிட்டு இடப்பக்கம் சரிந்து படுத்தேன். அங்கிருந்த பெண்பிள்ளை நெஞ்சில் குளிர்ந்த களியைத் தடவி, கைக்குள் அடங்கும் ஒரு சாமானை அழுத்திப் பிடித்தாள்.

"உது ட்ரான்ஸ்டியூசர்தானே?" என்றேன்.

"ஐயா டொக்டரோ?"

"இல்லைப் பிள்ளை. நான் உதைப் படகுக்குப் பூட்டினவன்."

"கதையாதேங்கோ, படம் ஆடுது" என்றாள். அவளிடம் சொல்ல முடியாமற்போனதை உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டும் செய்வது ஒரே வேலைதான். ஒலியை அனுப்புகிறது, திரும்பி வருவதைக் கேட்கிறது. நெஞ்சில் வைத்தால் இதயம் தெரியும். படகின் அடியில் துளையிட்டுப் பூட்டினால் கடலின் ஆழம் தெரியும். கொழும்பில் கப்பற் கருவிகள் திருத்தும் ஒரு கொம்பனியில் ஐந்து வருடம் இந்தத் தொழிலைத்தான் பழகினேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். ஊர் அளவெட்டி. தோட்டத்தில் இறங்கு என்றார் ஐயா. நான் திருநெல்வேலியில், பலாலி வீதியோரம் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து ரேடியோக் கடை போட்டேன். கப்பலுக்குக் கருவி பூட்டிய கையால் கம்பஸ் பெடியங்களின் கசெற் ரெக்கோடரில் சிக்கிய நாடாக்களை இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் என் தலைக்கனத்துக்கு ஒரு குறைவும் வரவில்லை.

அடுத்த வருடம் ஒருநாள், காலை கடை திறக்கும் நேரம், மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். உப்பில் வெளிறிய சேட்டு.

"கப்பல் சாமான் தெரிஞ்ச ஆள் நீரோ?"

"ஓம்."

"அப்ப ஏறும்."

அவர்தான் தில்லையண்ணை. மயிலிட்டியில் சொந்தமாக மூன்றரைத் தொன் படகு வைத்திருந்த தண்டையல். தானே ஓட்டித் தானே தொழில் செய்கிறவர். படகைக் கரையில் ஏற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். ஏன் என்பதை அவருடைய மனைவி மங்களக்கா தேத்தண்ணி தரும்போது மெல்லச் சொன்னார்: "அடி பாக்கிற மெசின் பிழையாக் காட்டி, போன மாசம் பாரில ஏத்திப்போட்டார். பேந்து மூண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டுதான் வந்து சேந்தவை."

கடலுக்கடியிலுள்ள கற்பாறையைத்தான் பார் என்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். தோட்டக்காரன் பிள்ளை. நீந்தவும் தெரியாது.

மேலே மெசினில் ஒரு குறையும் இல்லை. படகின் கீழே படுத்து, அடியில் பூட்டியிருந்த ட்ரான்ஸ்டியூசரில் காதை வைத்தேன். நல்லதென்றால் கடிகாரம் போல டிக் டிக் என்று மெல்லக் கேட்கும். இது செத்துப்போயிருந்தது. முகத்தில் குறுக்காக ஒரு வெடிப்பு.

கருவாடு ஏற்றும் லொறிக்காரர் ஒருவர் மூலம் கொழும்பிலிருந்து புதியதை எடுப்பிக்க மூன்று கிழமை சென்றது. வந்ததன் தண்டு பழையதைவிடக் கொஞ்சம் மொத்தம். ஓட்டையை அரத்தால் பெருப்பிக்க வேண்டியிருந்தது. பைபர் தூள் பறந்து கழுத்தெல்லாம் கடித்தது. தில்லையண்ணை பக்கத்தில் குந்தியிருந்தார். தன்னுடைய பல்லைத்தான் நான் அராவுவது போல அவருடைய முகம் இருந்தது. கடைசியில் சொன்னார்:

"நீர்தான் ஓட்டையைப் பெருப்பிச்சனீர். தண்ணியில இறக்கிற முதல் நாள் நீரும் எங்களோட வாரும்."

"வாறன்" என்றேன். சொன்ன பிறகுதான் பயந்தேன்.

படகின் அடி சரிவாக இருக்கும். ட்ரான்ஸ்டியூசரின் முகம் நேரே கீழே பார்க்கவேண்டும். சரிவை ஈடுசெய்யப் பூவரசங் கட்டையொன்றை அவரே சீவித் தந்தார். நான் வயரை உள்ளே இழுத்து மெசின் வரை கொண்டுபோய், நுனியில் பிளக்கை வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். என் வாழ்நாளில் அதைவிட அழகாக ஒரு பிளக் பற்றவைத்ததில்லை. காதை வைத்துப் பார்த்தால் டிக் டிக். பிறகு கீழே இறங்கிப் பசையை அப்பி, ட்ரான்ஸ்டியூசரை ஓட்டைக்குள் ஏற்றி அமத்திப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, உள்ளுக்கு நட்டைப் போட்டு இறுக்குங்கோ" என்றேன்.

உள்ளே நட்டு எதிலோ முட்டும் சத்தம் கேட்டது.

"தம்பி, நட்டை எதுக்குள்ளால போடுறது? வயர் நுனியில உம்மடை பிளக் நிக்குது."

நட்டை முதலில் வயரில் கோர்த்துவிட்டுத்தான் பிளக்கைப் பற்றவைக்கவேண்டும். கொம்பனியில் நானே நூறு பேருக்குச் சொன்ன விஷயம். பசை இறுகத் தொடங்கிவிட்டது. தில்லையண்ணை கீழே வந்து படுத்து அதை இரு கையாலும் தாங்கிப் பிடிக்க, நான் மேலே ஏறி அந்த அழகான பிளக்கை உருக்கிக் கழற்றினேன். "ஆறுதலாச் செய்யும் தம்பி" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "எனக்கு இன்னும் கை உளையேல்லை." அந்தப் பொறுமைதான் என்னைச் சுட்டது. நட்டைக் கோர்த்து, வெட்கம் முழுவதையும் ஸ்பானரில் போட்டு இறுக்கினேன்.

இரண்டு நாள் கழித்து விடியக் கடலில் இறங்கினோம். அவரும் இரண்டு தொழிலாளிகளும் நானும். கரை ஒரு கோடாகச் சுருங்கிய பிறகு, அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்த தொழிலாளி "அண்ணை, தண்ணி" என்றான். எஞ்சின் நின்றது. படகின் மூக்குத் தாழ, பின்பக்கம் நின்ற தண்ணீரும் நான் பூட்டிய இடத்துக்கு ஓடி வந்தது. மூவரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அது என்னுடைய வேலை. அதை எனக்குத் தெரியும். சேட்டைக் கழற்றி நட்டைச் சுற்றி அணை போல வைத்து, உள்ளே நின்ற தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்தேன். விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நூறு வரை எண்ணினேன். விரல் காய்ந்துதான் இருந்தது.

"இதிலயில்லை அண்ணை. பின்னுக்குப் பாருங்கோ."

அவர் எஞ்சினுக்குப் பின்னால் குனிந்தார். படகைத் தள்ளும் காற்றாடியின் தண்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் சிந்திக்கொண்டிருந்தது. அதை இறுக்கிவிட்டு நிமிர்ந்து, கையைச் சாரத்தில் துடைத்தபடி சொன்னார்: "என்ரை பக்கத்து ஓட்டைதான்."

மெசினைப் போட்டோம். ஊசி கடதாசியைச் சுட்டுச் சுட்டுக் கீறிக்கொண்டு போனது. அந்தப் பொசுங்கிய மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. அவர் நம்பவில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, கையை விரித்து விரித்து அளந்து எடுத்தார். ஒரு விரிப்பு ஒரு பாகம்; மொத்தம் பதினொரு பாகம். கடதாசியிலும் பதினொன்று.

"வா, சாப்பிடுவம்" என்றார். அதுவரை எனக்கு 'நீர்' சொன்னவர். மங்களக்கா கட்டித் தந்த புட்டும் மீன்பொரியலும். சைவக்காரனான நான் தின்றேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டு, மயிலிட்டிச் சனம் ஒரே பகலில் ஊரைவிட்டு எழும்பவேண்டி வந்தது. மூன்றாம் நாள் தில்லையண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். நிறம் அடிக்கவென்று படகைக் கரையில் ஏற்றியிருந்த நேரம். இறக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். கரியரில் ஒரு சீலைப் பொட்டலம். அவிழ்த்தால், மெசின்.

"இதைக் கழட்டிக்கொண்டு வந்திட்டன். அடியில இருக்கிறதையும் எடுப்பமெண்டு ஸ்பானரில ரெண்டு பேர் தொங்கிப் பாத்தம். அசையேல்லை. நீ அப்பிடி இறுக்கிப்போட்டாய்."

நான் தேத்தண்ணி வைத்தேன். அதைக் குடித்துவிட்டு, மெசினை என்னிடமே விட்டு, "வாறன்" என்று போனார். அந்த வருடக் கடைசியில் யாரோ ஒருவருடைய வள்ளத்தில், கூலி கொடுத்த பயணியாக, மங்களக்காவோடு அக்கரைக்கு, தமிழ்நாட்டுக்கு, போய்விட்டதாக அறிந்தேன். தொண்ணூற்றைந்தில் நாங்களும் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து நடந்தபோது மெசின் கடையிலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது கடைக்குக் கூரையும் இல்லை.

மயிலிட்டிச் சனம் எழும்பி இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு, இராணுவம் பிடித்து வைத்திருந்த துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். படகு நின்ற இடத்தில் பற்றை மண்டியிருந்தது. பைபர் உக்காது; ஒரு துண்டாவது கிடக்கும் என்று காலால் விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களிடம், தில்லையம்பலம் என்ற தண்டையலைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது ஐயா" என்றான் ஒருவன். "நாங்கள் முகாமில பிறந்தனாங்கள்."